பழச்சாற்றை எதைக் கொண்டு இறுக வைப்பது? கொய்யா, பெக்டின் பொடி, கடல்பாசி, ஜெலட்டின்

வீட்டில் பழ ஜெல்லி செய்ய நினைக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் பழத்தை வாங்கிவிடுகிறார்கள். அப்புறம்தான் சாற்றை எதைப் போட்டு இறுக வைப்பது என்று தேடுகிறார்கள். அந்தத் தேடலில் ஒருவர் கடல்பாசி (அகர் அகர்) என்பார், இன்னொருவர் ஜெலட்டின் என்பார், மற்றொருவர் எதுவுமே வேண்டாம், சர்க்கரை போட்டுக் காய்ச்சினாலே போதும் என்பார். மூவர் சொல்வதும் சரிதான். ஆனால் மூவரும் ஒரே பண்டத்தைப் பற்றிப் பேசவில்லை.

ரொட்டியிலோ தோசையிலோ தடவிச் சாப்பிட பாட்டிலில் மாதக்கணக்கில் இருக்கும் ஜெல்லி ஒன்று. கிண்ணத்தில் ஊற்றிக் குளிர வைத்து, துண்டு போட்டு, இரண்டு நாளில் தீர்த்துவிடும் ஜெல்லி வேறொன்று. முன்னதில் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை. பின்னதில் நாக்குக்கு எவ்வளவு இனிப்பு வேண்டுமோ அவ்வளவுதான். அதனால் கடைக்குப் போகும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி, இது எத்தனை நாள் இருக்க வேண்டும் என்பது. இரண்டாவது, கையிலிருக்கும் சாற்றுக்குத் தானாக இறுகும் சக்தி இருக்கிறதா என்பது. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் குழப்பமே இருக்காது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாட்டில் ஜெல்லிக்கு நம் ஊர்க் கொய்யாவைவிட நல்ல வழி இல்லை. கிண்ண ஜெல்லிக்குக் கடல்பாசி. பெக்டின் பொடிக்கு ஒரு குறிப்பிட்ட இடம் இருக்கிறது, அந்த இடத்தில் அது மிக நன்றாக வேலை செய்யும். ஜெலட்டின் நம் வெயிலுக்கு ஒத்துவராது. ஏன் என்பதுதான் கீழே.

பாட்டில் ஜெல்லி இறுகுவது பெக்டின் என்ற பொருளால். பழத்தின் செல் சுவர்களில் இருக்கும் ஒரு வகை நார்ச்சத்து அது. 1825-இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்ரி பிரகோன்னோ அதைப் பிரித்தெடுத்து விவரித்தார். பெக்டின் மட்டும் இருந்தால் போதாது, புளிப்பும் சர்க்கரையும் சேர வேண்டும். தண்ணீரில் கரைந்திருக்கும் பெக்டின் இழைகள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டே இருக்கும். புளிப்பு அந்த விலக்கத்தைக் குறைக்கிறது. சர்க்கரை அவற்றைச் சூழ்ந்திருக்கும் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அப்போதுதான் இழைகள் கைகோத்து வலைபோல நிற்கின்றன. புளிப்பின் அளவு பிஎச் 3-க்குச் சற்று மேலே, 3.2 வாக்கில் இருக்க வேண்டும். சர்க்கரை முதலான கரைபொருள்கள் 65 சதவீதம் வர வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் பாட்டிலில் பாகுதான் இருக்கும்.

கொய்யாவின் சிறப்பு என்னவென்றால், இந்த மூன்றில் கிடைக்க அரிதான பெக்டின் அதில் கொட்டிக் கிடக்கிறது. புளிப்பை எலுமிச்சை கொடுத்துவிடும். சர்க்கரை மளிகைக் கடையில் இருக்கிறது. பழநி பக்கம் ஆயக்குடியிலிருந்து வண்டி வண்டியாக வரும் கொய்யாவில், எல்லாரும் கனிந்ததைத் தேடிப் பொறுக்கும்போது ஒதுக்கிவிட்டுப் போகும் அரைப்பழம் இருக்கிறதே, அதுதான் ஜெல்லிக்கு உரியது. பச்சை மஞ்சளாக மாறத் தொடங்கியிருக்கும், நகத்தால் அழுத்தினால் லேசாகப் பதியும், கடித்தால் நறுக்கென்று இருக்கும். நன்றாகக் கனிந்த பழத்தில் நொதிகள் பெக்டினைச் சிதைக்கத் தொடங்கியிருக்கும். மணம் இருக்கும், இறுகும் சக்தி குறைந்திருக்கும். முக்கால் பங்கு அரைப்பழமும் கால் பங்கு கனிந்த பழமும் கலந்து எடுத்தால் இறுக்கமும் மணமும் இரண்டுமே கிடைக்கும். லக்னோ 49, அலகாபாத் சஃபேதா போன்ற வெள்ளைச் சதைக் கொய்யாவிலும் நல்ல பொன்னிற ஜெல்லி வரும். சிவப்புச் சதைக் கொய்யா கிடைத்தால் நிறம் இன்னும் அழகு.

செய்முறை நீளமானதில்லை, பொறுமைதான் வேண்டும். ஒரு கிலோ கொய்யாவைத் தோலோடும் விதையோடும் மெல்லிய வட்டங்களாக நறுக்கி, ஒன்றரை லிட்டர் தண்ணீரும் 2 கிராம் எலுமிச்சை உப்பும் (சிட்ரிக் அமிலம்) போட்டு அரை மணி நேரம் மெதுவாக வேக விட வேண்டும். மசிக்கக் கூடாது. அடிக்கடி கிளறக் கூடாது. பெக்டின் இறங்கிவிட்டால் அந்தத் தண்ணீர் விரலுக்கிடையே லேசாக வழவழக்கும். பிறகு அதைப் பழைய வேட்டித் துணியில் ஊற்றிக் குழாயிலோ கதவுக் கைப்பிடியிலோ முடிச்சுப் போட்டுத் தொங்க விடுங்கள். கீழே ஒரு எவர்சில்வர் பாத்திரம். முதல் பத்து நிமிடம் சாறு ஒழுகும், அப்புறம் சொட்டும், ராத்திரி முழுக்கச் சொட்டிக்கொண்டே இருக்கும். துணியைப் பிழிய வேண்டும் என்று கை துறுதுறுக்கும். பிழிந்தால் இன்னும் கால் லிட்டர் கிடைக்கும்தான், ஆனால் அதோடு மாவும் கசடும் இறங்கி ஜெல்லி கலங்கிவிடும். வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிவதுதான் ஜெல்லிக்கும் ஜாமுக்கும் உள்ள வித்தியாசம். பிழியாமல் விட்ட கசடில் மறுபடி பாதியளவு தண்ணீர் ஊற்றிக் கொதிக்க விட்டால் இரண்டாம் சாறு வரும். அதில் பெக்டின் குறைவு என்றாலும் வீணாக்க வேண்டியதில்லை.

இப்போது சாறு தயார். சர்க்கரை எவ்வளவு? லிட்டருக்கு ஒரு கிலோ என்று பல குறிப்புகள் பொத்தாம்பொதுவாகச் சொல்கின்றன. பெக்டின் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல் சர்க்கரையைக் கொட்டுவதால்தான் பல வீடுகளில் ஜெல்லி பாகாகவே நின்றுவிடுகிறது. பார்ப்பதற்கு எளிய வழி உண்டு. மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை ஒரு கண்ணாடித் தம்ளரில் மூன்று தேக்கரண்டி எடுத்து, ஆறிய சாற்றை ஒரு தேக்கரண்டி அதில் விட்டு, மெதுவாகச் சாய்த்துச் சுழற்றி ஒரு நிமிடம் விடுங்கள். சாறு முழுவதும் ஒரே கட்டியாகத் திரண்டு முள்கரண்டியில் தூக்க வந்தால் பெக்டின் தாராளம். அப்போது சாற்றுக்குச் சம அளவு சர்க்கரை போடலாம். இரண்டு மூன்று துண்டுகளாக உடைந்தால் முக்கால் அளவு. வெறும் நூல் நூலாக மிதந்தால் பெக்டின் குறைவு. அந்தச் சாற்றை முதலில் கொதிக்க வைத்துச் சுண்ட விட வேண்டும், அல்லது வேறு வழியைப் பார்க்க வேண்டும். ஸ்பிரிட் எளிதில் தீப்பிடிக்கும், அடுப்பிலிருந்து தள்ளி வைத்துச் செய்யுங்கள். பார்த்தபின் அதைக் கொட்டிவிட வேண்டும், வாயில் வைக்கக் கூடாது.

சர்க்கரை சேர்த்தபின் நல்ல தீயில் சீக்கிரம் காய்ச்சி இறக்க வேண்டும். இருபது நிமிடத்துக்கு மேல் இழுத்தால் பெக்டின் உடையும், நிறம் கறுக்கும். அதனால்தான் ஒரு தடவைக்கு ஒரு லிட்டர் சாற்றுக்கு மேல் வைக்காதீர்கள் என்று சொல்வது. இரண்டு லிட்டர் இருந்தால் இரண்டு ஈடாகப் போடுங்கள். எலுமிச்சைச் சாறு சேர்ப்பதாக இருந்தால் இறக்குவதற்குச் சற்று முன்பு சேர்ப்பது நல்லது.

பதம் பார்ப்பதில்தான் பலருக்குக் கை நடுங்கும். நம் பலகாரப் பாகுக்குப் பார்க்கிற கம்பிப் பதம் இங்கே உதவாது. கரண்டியில் எடுத்துச் சற்று ஆற விட்டு, பக்கவாட்டில் சாய்த்து ஊற்றும்போது கடைசிச் சொட்டுகள் இரண்டும் தனித்தனியாக விழாமல் ஒன்று சேர்ந்து ஒரு தகடாகத் தொங்கி விழுந்தால் அதுதான் பதம். வெப்பமானி இருந்தால் 105 டிகிரி செல்சியஸ். ஆனால் அந்த 105 கடலோர ஊர்களுக்கும் சமவெளிக்கும்தான். ஊட்டியில் தண்ணீரே 92, 93 டிகிரியில் கொதித்துவிடும். அங்கே 105 வரை காய்ச்சினால் ஜெல்லி மிட்டாய்போல இறுகிச் சர்க்கரை பூத்துவிடும். உங்கள் ஊரில் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கிறதோ, அதோடு நாலரை டிகிரியைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது 97, 98 வாக்கில் வரும்.

எனக்கு மிகவும் பிடித்த முறை தராசு. எந்த ஊரிலும் மாறாது, வெப்பமானியும் வேண்டாம். 65 சதவீதம் சர்க்கரை என்றால், போட்ட சர்க்கரையின் எடையைப்போல ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் கூடுதலாக ஜெல்லி இருக்க வேண்டும் என்று அர்த்தம். 750 கிராம் சர்க்கரை போட்டிருந்தால், பழத்தில் கரைந்திருப்பதையும் சேர்த்து, 1150 முதல் 1200 கிராம் வரை வரும்போது பதம் வந்துவிட்டது. வெறும் பாத்திரத்தின் எடையை முன்பே குறித்து வைத்துக்கொண்டு, சந்தேகம் வரும்போது அடுப்பை அணைத்துவிட்டுப் பாத்திரத்தோடு தூக்கித் தராசில் வையுங்கள். தராசுத் தட்டின் மேல் ஒரு மரப்பலகை போட்டுக்கொண்டால் சூடு தாக்காது. இதைப் பழகிவிட்டால் தட்டில் சொட்டு விட்டு, விரலால் தள்ளி, மறுபடி அடுப்பைப் பற்றவைக்கும் அல்லாட்டம் போய்விடும்.

சரி, கொய்யா தானாக இறுகும். திராட்சை? மாதுளை? இங்கேதான் உண்மையான தேர்வு தொடங்குகிறது. கொய்யாச் சாற்றைக் கலப்பதா, பெக்டின் பொடி வாங்குவதா?

கொய்யாவைப் போலவே பெக்டின் நிறைந்த பழங்கள் நம்மிடம் இன்னும் இருக்கின்றன. விளாம்பழம் அப்படித்தான். யாழ்ப்பாணத்திலும் இங்கேயும் விளாம்பழ ஜெல்லி செய்கிறவர்கள் எதையும் சேர்ப்பதில்லை. களாக்காயில் பெக்டினும் புளிப்பும் சேர்ந்தே இருக்கின்றன. பலாவில் சுளையை எடுத்துவிட்டுத் தூக்கிப் போடும் தோலிலும் நடுத்தண்டிலும் நிறைய உண்டு. பம்பளிமாசு, நாரத்தை இவற்றின் தோலுக்கடியில் இருக்கும் வெள்ளைப் பஞ்சும் அப்படியே. ஆனால் இவற்றில் பலதுக்கும் தனக்கென்று ஓங்கிய மணமோ கசப்போ இருக்கிறது, மற்றப் பழத்தின் சுவையை அமுக்கிவிடும். கொய்யா, அதுவும் அரைப்பழமாக இருந்தால், அடக்கமாக இருக்கும்.

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையை எடுத்துக்கொள்வோம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பழம், ஏறக்குறைய வருடம் முழுக்கச் சந்தையில் இருக்கிறது. அதன் சாற்றில் நிறமும் மணமும் புளிப்பும் உண்டு, பெக்டின் போதாது. திராட்சைச் சாறு இரண்டு பங்கு, கொய்யாச் சாறு ஒரு பங்கு என்று கலந்து காய்ச்சினால் கருஞ்சிவப்பில் நன்றாக இறுகும். கொய்யா போட்டிருப்பது பலருக்குத் தெரியவே தெரியாது. மூக்கு கூர்மையான ஒருவர் இருந்தால் கண்டுபிடித்துவிடுவார், அவ்வளவுதான். திராட்சைக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: பிழிந்த சாற்றை அன்றே காய்ச்சாமல் ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் அடியில் மணல்போல ஒன்று படிந்திருக்கும். டார்டாரிக் அமிலத்தின் உப்பு அது. மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றி எடுக்காவிட்டால், அதே மணல் ஒரு மாதம் கழித்து ஜெல்லிக்குள் பளிங்குத் துகளாகப் பல்லில் நறநறக்கும்.

மாதுளைக்குப் பாதிக்குப் பாதி கொய்யாச் சாறு வேண்டியிருக்கும். அந்த அளவுக்குப் போனால் மாதுளையின் மெல்லிய சுவை காணாமல் போகிறது. பெக்டின் பொடிக்கு உரிய இடம் இதுதான்.

பெக்டின் பொடி ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலிலிருந்தும் ஆப்பிள் சக்கையிலிருந்தும் எடுக்கப்படுகிறது. சைவம்தான். அதன் பெரிய நன்மை நேரம். கொய்யாச் சாறு கலந்து காய்ச்சினால் தண்ணீரைச் சுண்ட வைக்கப் பதினைந்து இருபது நிமிடம் ஆகும். பழத்தின் மணம் பாதி ஆவியோடு போய்விடும். பொடி போட்டால் சில நிமிடக் கொதிப்பிலேயே வேலை முடிகிறது, மணம் தங்குகிறது, அளவும் கூடுதலாகக் கிடைக்கிறது. ஸ்ட்ராபெரி, மாதுளை, பன்னீர் ரோஜா சேர்த்த எதுவும் என்றால் நான் தயங்காமல் பொடியைத்தான் சொல்வேன்.

தொல்லையும் இருக்கிறது. பொடியை அப்படியே சாற்றில் தூவினால் மீன்கண் மாதிரி கட்டி கட்டியாக நிற்கும், எவ்வளவு கிளறினாலும் கரையாது. ஐந்து மடங்கு சர்க்கரையோடு முதலில் கலந்துகொண்டு, அப்புறம் சாற்றில் தூவிக் கொதிக்க விட்டு, முழுதும் கரைந்தபின் மீதிச் சர்க்கரையைப் போட வேண்டும். இன்னொன்று, வாங்கும்போது தர எண்ணைக் கேளுங்கள். 150 என்று இருந்தால் ஒரு கிராம் பொடி 150 கிராம் சர்க்கரையை இறுக்கும் என்று பொருள். 750 கிராம் சர்க்கரைக்கு 5 கிராம் போதும். சில்லறையாகப் பொட்டலம் போட்டு விற்கிறவர்கள் பலர் அந்த எண்ணைப் போடுவதே இல்லை. எண் தெரியாத பொடியை வாங்குவது அளவு தெரியாத படியில் அரிசி அளப்பது மாதிரி. சர்க்கரையோடு இறுகும் வகை ஒன்று, சர்க்கரை இல்லாமல் கால்சியத்தோடு இறுகும் வகை ஒன்று என இரண்டு விதமும் உண்டு, மேலுறையில் எது என்று பார்த்து வாங்க வேண்டும். சர்க்கரையைக் குறைக்க வேண்டிய வீடுகளுக்கு அந்த இரண்டாவது வகைதான் பயன்படும். சாதாரண ஜெல்லியில் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துவிட்டு இறுகவில்லையே என்று வருந்துவதில் அர்த்தமில்லை, அங்கே சர்க்கரைதான் தூண்.

கடையில் டப்பாவில் வரும் தெளிந்த ஆப்பிள் சாறு, திராட்சைச் சாறு இவற்றிலிருந்து ஜெல்லி செய்ய முடியுமா என்று கேட்கிறார்கள். முடியும், ஆனால் பெக்டினை வெளியிலிருந்து போட்டுத்தான். சாறு கண்ணாடிபோலத் தெளிய வேண்டும் என்பதற்காக ஆலையிலேயே நொதி சேர்த்துப் பெக்டினை உடைத்துவிடுகிறார்கள். ஸ்பிரிட்டில் விட்டுப் பார்த்தால் நூல்கூடத் திரளாது.

பாட்டில் கதை இத்துடன் போதும். கிண்ணத்துக்கு வருவோம்.

கடல்பாசி நமக்கு வெளியூர்ச் சரக்கு இல்லை. ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் மன்னார் வளைகுடாவில் பெண்கள் கடலில் மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும்தான் இதன் மூலப்பொருள். கண்ணாடியைக் கட்டிக்கொண்டு, காலில் தகட்டைச் செருப்பாகக் கட்டிக்கொண்டு, பாறையில் விரலைக் கிழித்துக்கொண்டு எடுக்கிற உழைப்பு அது. கடலோர முஸ்லிம் வீடுகளில் நோன்பு திறக்கும் தட்டில் பாலும் ரோஸ் மில்க்கும் ஊற்றிச் செய்த கடல்பாசித் துண்டு இல்லாமல் இருக்காது. அதைச் செய்யத் தெரிந்தவர்களுக்குப் பழச்சாறு ஜெல்லி ஒரு வேலையே இல்லை.

பழச்சாற்றுக்குக் கடல்பாசி பொருத்தமாக இருப்பதற்குக் காரணம் அதன் விசித்திரமான குணம். கரைய வேண்டுமென்றால் கொதிக்க வேண்டும். ஆனால் ஆறும்போது 40 டிகிரிக்குக் கீழே வந்தால்தான் உறையும். உறைந்துவிட்டால் 85 டிகிரி வரை உருகாது. சித்திரை வெயிலில் மேசைமேல் வைத்தாலும் அப்படியே நிற்கும். அதோடு, சாற்றைக் கொதிக்க வைக்க வேண்டிய அவசியமே இல்லை. பாசியைத் தண்ணீரில் தனியாகக் காய்ச்சிக்கொண்டு, அடுப்பை அணைத்தபின் பச்சைச் சாற்றைக் கலக்கலாம். மாம்பழச் சாற்றுக்கும் தர்பூசணிக்கும் நன்னாரி கலந்த எலுமிச்சைச் சாற்றுக்கும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. காய்ச்சினால் செத்துவிடும் சுவை இவை.

கவனிக்க வேண்டியது இரண்டு இடம். புளித்த சாற்றோடு சேர்த்துப் பாசியைக் கொதிக்க வைத்தால் அதன் இறுக்கம் உடைந்துபோகும், அதனால்தான் தண்ணீரில் தனியாகக் காய்ச்சச் சொல்கிறேன். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சில்லென்ற சாற்றைச் சூடான பாசித் தண்ணீரில் ஊற்றக் கூடாது. ஊற்றிய இடத்திலேயே திரிதிரியாக உறைந்து, ஒரு பக்கம் கட்டியாகவும் ஒரு பக்கம் தண்ணீராகவும் ஆகிவிடும். சாற்றை வெளியே வைத்து, வெதுவெதுப்பாக்கி ஊற்றுங்கள். அளவு, சாறும் தண்ணீரும் சேர்ந்து ஒரு லிட்டருக்கு 10 கிராம் இழை. எலுமிச்சைபோலப் புளித்த சாறு என்றால் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். இழையாக வாங்கினால் அரை மணி நேரம் ஊற வைத்து, ஒரு துண்டும் மிதக்காத அளவுக்குக் காய்ச்சி, வடிகட்டிக்கொள்ள வேண்டும்.

இதை பாட்டிலில் போட்டு அலமாரியில் வைக்க நினைக்காதீர்கள். காப்பாற்றும் அளவுக்குச் சர்க்கரை இதில் கிடையாது. ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாள். அதிலும் இரண்டாம் நாளிலிருந்து அடியில் தண்ணீர் விடத் தொடங்கும். ஃப்ரீசரில் வைத்தால் ஸ்பாஞ்சாகித் தண்ணீர் தனியே பிரிந்துவிடும். வாயில் கரையாது, மெல்ல வேண்டும் என்பதும் உண்மை. கரைந்து வழுக்கிக்கொண்டு போகும் ஜெல்லியை எதிர்பார்க்கிறவர்களுக்கு இது ஏமாற்றம் தரலாம்.

அந்தக் கரைவுதான் ஜெலட்டினின் பலம். மாட்டின் தோல், எலும்பு, பன்றித் தோல் இவற்றிலிருந்து எடுப்பது, மீனிலிருந்து எடுப்பதும் உண்டு. சைவ வீட்டுக்கு ஆகாது. ஹலால் பார்க்கிற வீட்டில் எதிலிருந்து எடுத்தது என்று தெரியாமல் வாங்க முடியாது. உடல் சூட்டுக்குச் சற்றுக் கீழேயே உருகிவிடுவதால் நாக்கில் வைத்ததும் வழுக்கி இறங்கும். அதே காரணத்தால் மே மாதத்துச் சென்னையில் பந்தியில் வைத்த ஜெல்லி, பரிமாறி முடிப்பதற்குள் சாறாகிவிடும். ஃபிரிட்ஜிலிருந்து நேராகத் தட்டுக்குப் போகும் வீட்டு விருந்து என்றால் சரி.

இந்த இரண்டுக்கும் நடுவே எதை எடுப்பது என்ற கேள்வி ஒரு பெரிய ஆய்வுக்கூடத்திலும் எழுந்தது. 1880-களின் தொடக்கத்தில் பெர்லினில் கிருமி ஆய்வாளர் ராபர்ட் கோக்கின் கூடத்தில் கிருமிகளை ஜெலட்டினில் வளர்த்துப் பார்த்தார்கள். கோடையில் அது உருகியது, சில கிருமிகள் அதையே தின்று நீராக்கின. அங்கே வேலை செய்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, தான் வீட்டில் பழ ஜெல்லிக்குப் போடுகிற கடல்பாசியை முயன்று பாருங்கள் என்றார். ஜாவாவில் வாழ்ந்துவிட்டு வந்த டச்சுக் குடும்ப நண்பர்களிடமிருந்து அவருக்குத் தெரிந்த விஷயம் அது. இன்றுவரை உலகம் முழுவதும் ஆய்வுக்கூடத் தட்டுகளில் இருப்பது அந்தப் பாசிதான். வெயில் ஊர்ச் சமையலறையின் அனுபவம் அது, நமக்கும் அப்படியே பொருந்தும்.

ஜெலட்டினுக்கு ஒத்துவராத பழங்களும் இருக்கின்றன. அன்னாசி, பப்பாளி, அத்தி, கிவி இவற்றின் பச்சைச் சாற்றில் புரதத்தை உடைக்கும் நொதிகள் உண்டு, ஜெலட்டின் ஒரு புரதம். ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தாலும் உறையாது. சாற்றைக் கொதிக்க வைத்து ஆற்றினால் நொதி அடங்கும், ஆனால் பச்சை அன்னாசியின் சுவையும் போய்விடும். கடல்பாசி புரதம் இல்லை என்பதால் அன்னாசி அதை ஒன்றும் செய்யாது.

கடையில் விற்கும் ஜெல்லிப் பொட்டலங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சர்க்கரை, நிறம், மணச்சத்து, உறைய வைக்கும் பொருள், அவ்வளவுதான். பழச்சாற்றுக்கு அங்கே வேலை இல்லை.

ஆக, ஒரு கூடை கொய்யா மலிவாகக் கிடைத்தால் யோசிக்காமல் பாட்டில் ஜெல்லி போடுங்கள், கூடவே கொஞ்சம் சாற்றைத் தனியாக எடுத்து ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். திராட்சை வரும்போது அது உங்கள் பெக்டின். கொடைக்கானல் பிளம்ஸ் கிடைத்தால் அதற்கே ஓரளவு பெக்டினும் புளிப்பும் உண்டு, ஸ்பிரிட்டில் பார்த்துவிட்டுத் தேவைப்பட்டால் மட்டும் கொய்யாச் சாறு சேருங்கள். மாதுளையைப் பரிசளிக்கப் பாட்டிலில் போடுவதென்றால் பொடி வாங்குங்கள். குழந்தைகளின் பிறந்தநாளுக்கு, அல்லது ஐம்பது பேர் பந்திக்கு என்றால் கடல்பாசி. ரொம்பச் சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் பொடிப் பொடியாக வெட்டிக் கொடுங்கள், கடல்பாசித் துண்டு கரையாது என்பதால் தொண்டையில் சிக்கக்கூடும். சர்க்கரை நோயாளிக்கு என்றால் சாற்றிலேயே இருக்கும் இனிப்பையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பாட்டிலில் ஊற்றுவதற்கு முன் பாட்டிலையும் மூடியையும் நன்றாகக் கழுவி, பாட்டிலைப் பத்து நிமிடம் கொதிநீரில் போட்டெடுக்க வேண்டும். ஜெல்லி கொதிக்கக் கொதிக்க இருக்கும்போதே, மேல் நுரையை எடுத்துவிட்டு, விளிம்புக்கு அரைச் சென்டிமீட்டர் கீழே வரை ஊற்றி உடனே மூடுங்கள். மூடிய பாட்டிலை மறுபடி ஐந்து நிமிடம் கொதிநீரில் வைத்தெடுத்தால் பூஞ்சைக்கு இடமிருக்காது. மேலே மெழுகு ஊற்றும் பழைய வழக்கத்தை விட்டுவிடலாம், ஓரத்தில் இடைவெளி விழுந்து பூஞ்சை பிடிக்கும். ஊற்றியபின் ஒரு நாளாவது ஆட்டாமல் அசைக்காமல் விடுங்கள். அடுத்த நாளும் ஓடுகிறதே என்று பதறி உடனே மறுபடி அடுப்பில் ஏற்ற வேண்டாம், சில ஜெல்லி முழுதாக இறுக ஒன்றிரண்டு வாரம்கூட எடுக்கும்.

அதற்குப் பிறகும் இறுகவில்லை என்றால், திரும்பக் கொட்டி, ஒரு கிண்ணம் கொய்யாச் சாறும் ஒரு எலுமிச்சையும் சேர்த்து, தராசில் வைத்துப் பதம் பார்த்து இறக்குங்கள். இரண்டாம் முறையும் ஓடினால் அதை அப்படியே சிரப்பாக வைத்துக்கொள்ளலாம். ஒரு கரண்டி எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் கலந்து எலுமிச்சை பிழிந்தால் அந்த வாரத்துக்கு விருந்தாளிகளுக்குச் சர்பத் தயார்.